இடி விழுந்த மேடையும் இலை போட்ட மேடையும்

கேமரன் மலையின் வடகோடியில், பேராக் மாநில எல்லையை ஒட்டி இருக்கிறது கம்போங் ராஜா. ஈப்போ பக்கமிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக மலையேறி வருகிறவர்களுக்கு, கேமரன் மலை வந்துவிட்டது என்று சொல்லும் முதல் ஊர் இதுதான். ஒரு பக்கம் காய்கறியும் பூவும் வளரும் பிளாஸ்டிக் கூரைகள், இன்னொரு பக்கம் புளூ வேலி தேயிலைத் தோட்டம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த மலைச்சரிவுகள் இவை. இன்று கூடை சுமப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். ஆனாலும் கோயிலும் திருவிழாவும் தமிழ்ப்பள்ளியும் இந்த மலையில் தமிழரை இன்னும் ஒன்றுகூட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்த மலைக்கும் மேடை நாடகத்துக்கும் ஒரு வேடிக்கையான உறவு உண்டு. 1929இல் இங்கே தொடங்கப்பட்ட போ தேயிலை நிறுவனத்தின் ஆதரவில், 2000களின் தொடக்கத்திலிருந்து மலேசிய நாடக, நடன, இசைக் கலைஞர்களுக்கு ‘போ கேமரோனியன்’ விருது வழங்கப்பட்டு வந்தது. தேயிலையின் பெயரும் மலையின் பெயரும் சேர்ந்து தலைநகரத்து நாடக விருதுக்குப் பெயராயின. அந்தத் தேயிலையைப் பறித்த குடும்பங்களில் எத்தனை பேர் தலைநகரத்து நாடக அரங்கில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். பொதுமேடை என்கிறோமே, அது யாருக்குப் பொது என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

தொலைக்காட்சி விவாத அரங்குகளில் ஓரினச் சேர்க்கையாளர் உரிமை என்ற தலைப்பு வரும்போதெல்லாம் இரண்டு வரிசை நாற்காலி போடப்படுகிறது. ஒரு வரிசை ஆதரவு, ஒரு வரிசை எதிர்ப்பு. ஒரு மணி நேரம் கழித்து, வந்தபோது இருந்த கருத்தோடு இரு தரப்பும் எழுந்து போகின்றன, வீட்டில் பார்த்தவர்களும் அப்படியே. ஆனால் இதே விஷயத்தில் நாடகம் வேறு விதமாக வேலை செய்கிறது. சில நாடுகளில் செய்தும் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஆணாகவே வாழ்ந்து ஆணை விரும்புகிறவர், பெண்ணாகவே வாழ்ந்து பெண்ணை விரும்புகிறவர், இவர்களையே ஓரினச் சேர்க்கையாளர் என்று பத்திரிகைகள் எழுதி வந்தன. உடலுறவை மட்டும் சுட்டுவதாக அந்தச் சொல் இருப்பதால், ‘தன்பாலின ஈர்ப்பாளர்’ என்ற சொல் இப்போது பரவி வருகிறது. திருநங்கையர் விஷயம் தனி. ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, பெண்ணாகத் தம்மை உணர்ந்து வாழ்பவர்கள் அவர்கள். இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது பேச்சு வழக்கில் உண்டு, சினிமாவில் இன்னும் அதிகம்.

அரசாங்கமே நம்பிய நாடகம்

நாடகத்தால் மக்கள் மனத்தை மாற்ற முடியும் என்பதை மலேசியாவில் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அரசாங்கமே அதை நம்பியது.

2013 மார்ச்சில் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் ‘அஸ்மாரா சொங்சாங்’ என்ற இசை நாடகம் மேடையேறியது. பிறழ்ந்த காதல் என்று தமிழில் சொல்லலாம். எழுதி இயக்கியவர் ரஹ்மான் அடாம். இஸ்தானா புடாயா என்பது நாட்டின் தேசிய அரங்கு. அரசு ஆதரவோடு அரங்கேறிய அந்த நாடகம், பின்னர் பல்கலைக்கழகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. இளையோருக்கு எச்சரிக்கை செய்வதே நோக்கம் என்று இயக்குநர் வெளிப்படையாகவே சொன்னார்.

கதை எளிமையானது. தன்பாலின, இருபாலின ஈர்ப்புள்ள நண்பர்கள் கூத்தும் கும்மாளமுமாக வாழ்கிறார்கள், போதைப்பொருளும் உண்டு. பக்கத்து வீட்டுப் பக்திமான்கள் அவர்களைத் திருத்தப் பார்க்கிறார்கள். திருந்தியவர் பிழைக்கிறார். திருந்தாதவர் இடி விழுந்து சாகிறார்.

அந்த இடி தற்செயலாக விழுந்ததல்ல. 2010இல், மலேசியத் திரைப்படங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்களைக் காட்டலாம், ஆனால் கதை முடிவதற்குள் அவர்கள் மனம் திருந்த வேண்டும் அல்லது சாக வேண்டும் என்ற வகையில் தணிக்கை விதி தளர்த்தப்பட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே ‘டாலாம் போத்தோல்’ என்ற மலாய்ப் படம் வந்தது. காதலனுக்காகப் பெண்ணாக மாற அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவன், பின்னர் அதற்காக வருந்துவதே கதை. மனம் திருந்து, இல்லையேல் செத்துப்போ. கதாசிரியனுக்குக் கொடுக்கப்பட்ட பாதை அவ்வளவுதான்.

இதன் பின்னால் சட்டம் நிற்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. இந்தச் சட்டம் இனம் மதம் பார்ப்பதில்லை, தோட்டத்துத் தமிழனுக்கும் பொருந்தும். முஸ்லிம்களுக்கு இதற்கு மேல் மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. 2018 செப்டம்பரில் திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்குப் பலர் முன்னிலையில் பிரம்படி கொடுக்கப்பட்டது. வேரெல்லாம் ஆங்கிலேயர் நட்டது. இந்தியாவின் 377, சிங்கப்பூரின் 377ஏ, மலேசியாவின் 377ஏ எல்லாம் ஒரே தோட்டத்து நாற்றுகள்தான்.

இடி விழும் நாடகம் யாரை மாற்றும்? ஏற்கெனவே வெறுப்பவரின் வெறுப்புக்கு அது கைதட்டும். யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு பொம்மையைக் காட்டும். அந்தப் பொம்மைக்கு அம்மா இல்லை, வேலை இல்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டிய பஸ் டிக்கெட் கவலை இல்லை. அதைப் பார்க்கிறவருக்குத் தன் வீட்டுப் பிள்ளையோ தன்னோடு வேலை செய்பவரோ நினைவுக்கு வரப்போவதில்லை. பிரசார நாடகத்தின் பெரிய பலவீனம் இதுதான், எந்தப் பக்கத்துப் பிரசாரமானாலும் சரி.

சேலை கட்டிய நாயகர்கள்

தமிழ் மேடைக்கு இந்த விஷயம் புதிதா என்று கேட்டால், பாதி புதிது, பாதி மிகப் பழையது.

தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்களில் பலர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி பகுதிகளைச் சேர்ந்தவர்கள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். அரவான் களப்பலிக் கதையில் கண்ணனே மோகினியாக மாறி, மறுநாள் சாகப்போகும் அரவானை மணக்கிறான். கூவாகத்தில் சித்திரை தோறும் திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுவதும் அந்தக் கதையை ஒட்டித்தான். விடிய விடிய இதைப் பார்த்த குடியானவன் முகம் சுளிக்கவில்லை, கையெடுத்துக் கும்பிட்டான்.

பிறகு வந்த நாடகக் கம்பெனிகளிலும் பெண் வேடம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. ‘ஸ்திரீ பார்ட்’ என்றே அதற்குப் பெயர். ஔவையார் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு ‘ஔவை சண்முகம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். வேடம் மாறுவதில் தமிழனுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. மேடையில் அரிதாரம் கலையும் வரைதான் அந்தத் தாராளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிதாரம் இல்லாமல் அப்படி நடக்கிற ஒருவன் தெருவில் வந்தால் கல்லும் கேலியும்தான்.

சமூக மனத்தை மாற்ற மேடையைப் பயன்படுத்துவதும் தமிழர்க்குப் பழக்கம். அண்ணாவின் ‘வேலைக்காரி’, எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடத்திய ‘ரத்தக் கண்ணீர்’ போன்றவை கருத்தரங்குகளில் நடக்கவில்லை, டிக்கெட் வாங்கிச் சிரிக்கவும் அழவும் வந்த பாமர மக்கள் முன்னால் நடந்தன. சென்னை மாகாண அரசு 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது, ராதாவை மனத்தில் வைத்துத்தான் என்று பேசப்பட்டது. கைதட்டல் வாங்காத நாடகத்துக்கு எந்த அரசாங்கமும் சட்டம் போடுவதில்லை.

ஆனால் அந்தச் சீர்திருத்த மேடை சாதியைத் தொட்டது, விதவையைத் தொட்டது, பக்தியின் பெயரால் நடக்கும் மோசடியைத் தொட்டது. தன்பாலின ஈர்ப்பை அது தொடவில்லை. அந்த இடத்தைப் பின்னாளில் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகள் நிரப்பின, எப்படி நிரப்பின என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்திய மொழிகளில் இந்த இடத்தை முதலில் துணிந்து தொட்டவர்களில் மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர் ஒருவர். அவருடைய ‘மித்ராச்சி கோஷ்ட்’ 1981இல் மேடையேறியது. பெண்ணை விரும்பும் மித்ரா என்ற கல்லூரி மாணவியின் கதை, அவளுடைய ஆண் நண்பன் வாயிலாகச் சொல்லப்படுகிறது. மித்ராவாக நடித்தவர், பின்னாளில் ‘காந்தி’ படத்தில் கஸ்தூரிபாவாக வந்த ரோகிணி ஹட்டங்காடி. இந்த நாடகத்திலும் நாயகி கடைசியில் சாகிறாள். அப்படியானால் இதற்கும் இடி விழுந்த நாடகத்துக்கும் என்ன வித்தியாசம்? அங்கே கொல்வது வானம், ஆகவே பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இங்கே கொல்வது அக்கம்பக்கம், கல்லூரி, நண்பர்கள், உறவு. அரங்கில் உட்கார்ந்திருப்பவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருக்குத் தூக்கம் வராது.

‘அனுதாபம் அதிகம்’ என்ற குற்றம்

பொதுமேடை நாடகங்கள் தொடர்ந்து இந்த விஷயத்தைப் பேசிய அண்டை நாடு சிங்கப்பூர். சே யூ எழுதிய ‘அவன் கேட்பதுபோல’ என்ற பொருள்படும் நாடகத்துக்கு 1980களின் கடைசியில் முதலில் அனுமதி கிடைக்கவில்லை. நாடகத்தில் வரும் தன்பாலின ஈர்ப்பாளர் மீது அனுதாபம் அதிகமாக வருகிறது, மற்ற ஆண்களைப் போலவே சாதாரணமாகவும் இருக்கிறார் என்பதே ஆட்சேபம் என்று அந்த ஆசிரியர் பின்னர் சொல்லியிருக்கிறார். திருத்தங்களுக்குப் பின் 1989இல் அது மேடையேறியது.

இந்த ஆட்சேபத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அவர் ஆபாசமாக இருந்திருந்தால் பிரச்சினை இல்லை, கோமாளியாக இருந்திருந்தாலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போல இருந்ததுதான் பிரச்சினை. நாடகம் எந்த வழியாக மனத்துக்குள் நுழைகிறது என்பதை விமர்சகர்களைவிடத் தணிக்கை அதிகாரிகள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு சிங்கப்பூர் மேடை நின்றுவிடவில்லை. 1992இல் மைக்கேல் சியாங்கின் நகைச்சுவை நாடகம் ஒன்று பால்மாற்றச் சிகிச்சைக்கு வந்தவர்களையும் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரையும் ஒரே மருத்துவமனையில் சந்திக்க வைத்தது. மறு ஆண்டே எலினோர் வோங், பெண்ணை விரும்பும் பெண் வழக்கறிஞர் ஒருத்தியை நாயகியாக்கினார். அந்த நாயகியின் கதை பத்தாண்டில் மூன்று நாடகமாக வளர்ந்தது. வைல்ட் ரைஸ் என்ற நாடகக் குழு அல்ஃபியான் சாஆட்டின் நாடகங்களையும், 2012இல் பிராட்வே இசை நாடகமான ‘லா காஜ் ஓ ஃபோல்’ஐயும் பெரிய அரங்கில் நடத்தியது. குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வரக்கூடிய நாடகம் அது. இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்பதுதான் சிக்கலே. சம்பந்தி என்றதும் தமிழருக்குக் கதை புரிந்துவிடும்.

2007இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை விவாதித்து, அப்படியே வைத்துக்கொண்டது. 2009இல் ஹோங் லிம் பூங்காவில் இளஞ்சிவப்பு உடையில் கூடும் ‘பிங்க் டாட்’ நிகழ்ச்சி தொடங்கியது. இப்சோஸ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2018இல் அந்தச் சட்டம் வேண்டும் என்றவர்கள் 55 விழுக்காடு, 2022இல் 44 விழுக்காடு. எதிர்த்தவர்கள் 12இலிருந்து 20 ஆனார்கள். மற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். 2022 ஆகஸ்டில் பிரதமர் லீ சியன் லூங் சட்டத்தை நீக்கப்போவதாக அறிவித்தார், நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் நீக்கியது. அதோடு, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறையை நீதிமன்றச் சவாலிலிருந்து காக்கும் அரசமைப்புத் திருத்தமும் நிறைவேறியது.

இதையெல்லாம் நாடகம்தான் சாதித்தது என்று சொல்வது மிகையாகிவிடும். நீதிமன்ற வழக்குகள் நடந்தன, பிள்ளைகள் பெற்றோரிடம் வாய் திறந்தார்கள், தலைமுறை மாறியது. நாடகம் செய்தது, சட்டம் பேசத் தயங்கிய 30 ஆண்டுகளில் அந்த மனிதர்களை ஊர் முன்னால் தொடர்ந்து நடமாட விட்டது. நாலு நாடகம் பார்த்தவருக்கு ஐந்தாவது நாடகத்தில் அதிர்ச்சி இல்லை, கதை மட்டும்தான் இருந்தது. சிங்கப்பூர் நாடகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. தேக்காவில் காய்கறி வாங்கும் பாட்டிக்கு அவை எட்டியிருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

வேலைநிறுத்த நாடகம் பார்க்கப் போனவர்கள்

தொலைக்காட்சிக்கும் மேடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே சம்பவத்தில் காட்டியது அயர்லாந்து. அங்கே 2014 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பான்டி என்ற பெண்வேடப் பெயரால் அறியப்பட்ட ரோரி ஓநீல், சில பத்திரிகை எழுத்தாளர்களைத் தன்பாலின ஈர்ப்பாளர்களை வெறுப்பவர்கள் என்றார். வழக்கறிஞர் கடிதங்கள் பறந்தன. தொலைக்காட்சி நிலையம் மன்னிப்புக் கேட்டு, 85,000 யூரோ இழப்பீடும் கொடுத்தது. அத்தோடு விவாதம் யார் சொன்னது சரி என்ற சண்டையாகிவிட்டது.

பிப்ரவரி 1ஆம் தேதி இரவு, டப்ளினின் தேசிய அரங்கான அபே அரங்கில் வேறொன்று நடந்தது. அன்று ஓடிக்கொண்டிருந்தது 1913 டப்ளின் தொழிலாளர் கதவடைப்புப் போராட்டத்தைப் பற்றிய நாடகம். ஒவ்வோர் இரவும் நாடகம் முடிந்ததும் ஒருவர் மேடையேறித் தம் மனத்தில் பட்டதைச் சொல்வது அந்த நாடகத்தின் ஏற்பாடு. அன்று ஏறியவர் பான்டி. பத்து நிமிடப் பேச்சு. உரிமை, சட்டம் என்று ஆரம்பிக்கவில்லை. சாலை கடக்க நிற்கும்போது காரில் போகிறவர்கள் ஏசிவிட்டுப் போவதையும், உடனே தன் நடையில், நிற்பதில் எது தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று தானே தன்னைச் சோதித்துக்கொள்வதையும் சொன்னார். அந்த ஒளிப்பதிவு இணையத்தில் உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு மே 22ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினர் ஒரே பாலினத்தார் திருமணத்தை ஆதரித்தார்கள். 1993 வரை ஆணோடு ஆண் உறவு குற்றமாக இருந்த கத்தோலிக்க நாடு அது.

இங்கே கவனிக்க வேண்டியது அரங்கத்தில் யார் இருந்தார்கள் என்பது. அவர்கள் ஓரினச் சேர்க்கை பற்றிக் கேட்க வந்தவர்கள் அல்லர். கூலிக்காகப் பட்டினி கிடந்த தொழிலாளியின் கதையைப் பார்க்க வந்தவர்கள். ஒருவன் அவமானப்படுவதைப் பார்த்துக் கலங்கிய மனம் அடுத்தவனின் அவமானத்துக்கும் இடம் கொடுத்தது. கிராணியின் ஏச்சையும் தண்டலின் அதட்டலையும் கேட்டு வளர்ந்த தோட்டத்துச் சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆராய்ச்சியாளர்களும் ஏறத்தாழ இதையேதான் கண்டிருக்கிறார்கள். 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் மயாமி நகரில் வீடு வீடாகப் போனவர்கள் பால்மாறியோர் உரிமை பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். புள்ளிவிவரத்தை அடுக்குவதைவிட, நீங்கள் மற்றவரைப் போல இல்லை என்பதற்காக என்றாவது ஒதுக்கப்பட்டதுண்டா என்று கேட்டார்கள். கேட்டவர்களின் வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் தங்கியிருந்தது. நல்ல நாடகம் இதே கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்கிறது, ஒரே இரவில் முந்நூறு பேரிடம். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும், நாம் மட்டும்தான் இப்படி உணர்கிறோம் என்ற பயம் போய்விடுகிறது. வீட்டில் தனியாகப் பார்க்கும் தொலைக்காட்சியில் அது நடப்பதில்லை.

மேடை தவறாகப் பயன்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த இசை விழாவில், ‘தி 1975’ என்ற பிரிட்டன் இசைக்குழுவின் பாடகர் நாட்டின் சட்டத்தைத் திட்டிவிட்டுச் சக கலைஞரை மேடையிலேயே முத்தமிட்டார். விழாவின் மீதி நாட்கள் ரத்து. பாடகர் விமானமேறிவிட்டார். மிச்சமிருந்த கோபத்தைச் சுமந்தவர்கள் இந்த நாட்டிலேயே வாழ வேண்டிய தன்பாலின ஈர்ப்பாளர்களும் வேலை இழந்த உள்ளூர்க் கலைஞர்களும்தான். பார்வையாளரை ஏசி எந்த நாடகமும் ஜெயித்ததில்லை.

தமிழில் பேசிய மேடைகள்

தமிழ்நாட்டில் 2000களில் பிரியா பாபு உள்ளிட்ட திருநங்கையர், நாடக இயக்குநர் அ. மங்கையோடு சேர்ந்து ‘கண்ணாடி கலைக்குழு’வாக மேடையேறினார்கள். மற்றவர் தம்மை நடித்துக் கேலி செய்த காலம் போய், தம் கதையைத் தாமே நடித்தார்கள். எழுத்தாளர் அ. ரேவதி தம் தன்வரலாற்றை ‘வெள்ளை மொழி’ என்ற நாடகமாகத் தனி ஆளாக நின்று நடித்துப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார். அதை இயக்கியவரும் மங்கையே. 2008இல் தமிழக அரசு திருநங்கையர் நலவாரியம் அமைத்தது. அதே ஆண்டு ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியின் தொகுப்பாளராக ஒரு திருநங்கை தமிழ்த் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார்.

தன்பாலின ஈர்ப்பாளர் விஷயம் அவ்வளவு வேகமாக நகரவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயது வந்தோரின் விருப்ப உறவை விடுவித்தது. 2023 அக்டோபரில் திருமண உரிமையை ஏற்க மறுத்தது. இடையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது ஒரு நாடகாசிரியன் எழுதியிருக்க வேண்டிய காட்சி. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள், பெற்றோரிடமிருந்தும் போலீசிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். பிறகு 2021 ஜூன் 7ஆம் தேதி அளித்த உத்தரவில், மருத்துவத்தின் பெயரால் இவர்களை ‘மாற்ற’ முயல்வதைத் தடை செய்தார். பத்திரிகைகள் மரியாதையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சும் அந்த வழக்கில்தான் வளர்ந்து, 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் ஒரு சொற்பட்டியலாக வெளிவந்தது. நீதிபதியை மாற்றியது சட்டப்புத்தகம் இல்லை, எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

கம்போங் ராஜாவில் என்ன நாடகம்?

மலேசியாவில் சட்டம் இன்றும் அப்படியே நிற்கிறது. கோலாலம்பூரில் மேடையேறும் நாடகத்துக்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும். ஆகவே சிங்கப்பூர் செய்ததை இங்கே அப்படியே செய்துவிடலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆனால் தோட்டத்துத் தமிழருக்கு எட்டக்கூடிய பொதுமேடை இஸ்தானா புடாயா அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அது திருவிழாப் பந்தல், தமிழ்ப்பள்ளி மண்டபம், தொழிலாளர் தின விருந்து. பாட்டி முதல் பேரன் வரை பாய் போட்டு உட்காரும் இடம். பொதுமேடைக்கு உண்மையான அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

அங்கே நடக்கக்கூடிய நாடகத்தில் ‘ஓரினம்’ என்ற சொல்லே வர வேண்டியதில்லை. பிரிக்ஃபீல்ட்சில் வேலை பார்க்கும் மகன் மூன்று வருடமாகத் தீபாவளிக்கு வரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் போனை வைத்துவிடுகிறான். மாமா ஒரு பெண்ணைப் பார்த்து ஜாதகமும் வாங்கி வைத்திருக்கிறார். இவ்வளவு போதும், அரங்கில் பாதித் தாய்மார்களுக்கு இது தம் வீட்டுக் கதை. நான்காவது வருடம் அவன் வருகிறான், கூடவே இன்னொரு பையன். அப்பா வாசலைவிட்டு நகரவில்லை. மாமா எதையோ சொல்ல வாயெடுக்கிறார். அம்மா முறுக்கு மாவுக் கையோடு இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பார்வையாளர் அத்தனை பேரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிறார்கள். தாங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்றும் ஓடுகிறது.

“மலைக்காத்துல வந்திருக்கீங்க, ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்கய்யா,” என்று சொல்லி அவள் இரண்டு இலை போடுகிறாள்.

தணிக்கை செய்ய இதில் எந்த வரியும் இல்லை. அப்பா இன்னும் வாசலில்தான் நிற்கிறார், அவரை உடனே திருத்திவிடக் கூடாது. அவசரப்பட்டுத் திருந்தும் அப்பாக்களைப் பார்வையாளர் நம்புவதில்லை. மாமாவுக்கும் நியாயமாக நாலு வரி கொடுக்க வேண்டும், அரங்கில் அவர் கட்சிக்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அவர் வாயை அடைத்துவிட்டால் அவர்களும் காதை அடைத்துக்கொள்வார்கள். நடிப்பவர்கள் கோலாலம்பூரிலிருந்து வந்தவர்களாக இல்லாமல், அந்த மலையின் பேச்சு நாவில் இருப்பவர்களாக இருந்தால் நல்லது. நாடகம் முடிந்ததும் விளக்கவுரை கூடாது. தலைவர் பேசியே ஆக வேண்டும் என்றால், பொன்னாடை, மாலையோடு அதை நாடகத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.